ஏழடி

எங்கள் தாமான் டேவானின் தரையைக் கொஞ்சம் குனிந்து பார்த்தால் நெட்டுக்கு இரண்டு பக்கமும் இரண்டிரண்டு கோடுகள் தெரியும். வெள்ளைக் கோடு பழையது, பூப்பந்துக்கு உரியது. அதற்கு அரை அடி பின்னால் மஞ்சள் டேப்பில் ஒட்டிய கோடு பிக்கிள்பாலுக்கு. மற்றபடி வெளிக்கோடுகள் எல்லாம் அச்சு அசலாகப் பொருந்திவிட்டன. 44 அடி நீளம், 20 அடி அகலம். பூப்பந்து இரட்டையர் ஆட்டத்தின் களமும் பிக்கிள்பால் களமும் ஒரே அளவு. அந்த அரை அடிதான் இடிக்கிறது. சனிக்கிழமை காலையில் பூப்பந்து ஆட வருகிற பையன்கள் "இந்த மஞ்சக் கோடு கண்ண கொழப்புது அங்கிள்" என்று புலம்பாத வாரம் இல்லை.

எனக்கு அந்தக் கோட்டின் மேல் அக்கறை வந்தது வேறு காரணத்தால். சில மாதங்களுக்கு முன் புது மட்டை ஒன்று வாங்கினேன். விலையைச் சொன்னால் அம்மா படிக்கக்கூடும், வேண்டாம். முகப்பு முழுக்கக் கரிம இழை. வாங்கிய மூன்றாம் நாள், எதிர்ப்பக்கம் கோட்டருகே நின்றிருந்த சாரை நோக்கி ஒரு பந்தை முழு பலத்தோடு அடித்தேன். சார் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர், வயது அறுபத்தெட்டு, முழங்கால் வலி. பந்து நேராக அவர் மூக்குக்கண்ணாடியில். கண்ணாடி உடைந்தது, புருவத்தில் சின்னதாக ஒரு கீறல். "பரவால்லப்பா, ஆட்டம்னா அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். அடுத்த இரண்டு வாரம் வரவில்லை.

ஆட்ட விதிப்படி அந்தப் புள்ளி எனக்குத்தான். ஆட்டக்காரரின் உடம்பில் பந்து பட்டால் தவறு அவருடையது. அன்றிரவு தூக்கம் வராமல், இந்த ஆட்டத்தை யார், எதற்காக இப்படி வடிவமைத்தார்கள் என்று தேட ஆரம்பித்தேன்.

கதை 1965 கோடைகாலத்தில் தொடங்குகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டல் நகருக்கு எதிரே இருக்கும் பெய்ன்பிரிட்ஜ் தீவு. ஜோயல் பிரிட்சர்ட் அப்போது மாநிலச் சட்டமன்ற உறுப்பினர். பிற்பாடு நாடாளுமன்றத்துக்கும் போனார், மாநிலத்தின் துணை ஆளுநராகவும் இருந்தார். அவரும் நண்பர் பில் பெல்லும் கோல்ஃப் ஆடிவிட்டு வீட்டுக்கு வந்தால் பிள்ளைகள் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் சுருண்டு கிடக்கிறார்கள். வீட்டில் பழைய பூப்பந்துக் களம் ஒன்று இருந்தது. ஆனால் ஆடத் தேவையான சாமான்கள் முழுசாக இல்லை. கையில் கிடைத்த மேசைப்பந்து மட்டைகளையும் துளை போட்ட பிளாஸ்டிக் பந்து ஒன்றையும் எடுத்துக்கொண்டார்கள். முதலில் நெட் பூப்பந்து உயரத்தில், 60 அங்குலத்தில் இருந்தது. பந்து தரையில் பட்டு நன்றாக எழும்புவதைப் பார்த்ததும் 36 அங்குலத்துக்கு இறக்கினார்கள். அடுத்த வாரக் கடைசியில் பார்னி மெக்கல்லம் வந்து சேர்ந்தார். மேசைப்பந்து மட்டை இந்தப் பந்துக்குத் தாங்காது என்று கண்டு, பலகையை அறுத்து மட்டை செய்தவர் அவர்தான்.

குடும்பம் முழுக்கச் சேர்ந்து ஆட வேண்டும் என்பது மூவருடைய நோக்கம். இதைப் படிக்கும்போது சாதாரணமாகத் தோன்றும். ஆனால் ஒரு பொறியியல் கணக்காக எடுத்துப் பாருங்கள். நாற்பது வயது அப்பாவும் பத்து வயது மகளும் ஒரே களத்தில். நெட் இடுப்பு உயரம். அப்பா நெட்டை ஒட்டி நின்றுகொண்டு வருகிற ஒவ்வொரு பந்தையும் தரையில் விழ விடாமல் கீழ்நோக்கி அறைந்தால் ஆட்டம் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும், மகள் உள்ளே போய் டிவி போட்டுவிடுவாள். அந்தப் பிரச்சினைக்கு அவர்கள் கண்ட தீர்வுதான் நெட்டுக்கு இருபுறமும் ஒரு தடைப்பகுதி. அதற்குள் நின்று வாலி அடிக்கக் கூடாது, அதாவது பந்து தரையில் படுமுன் அடிக்கக் கூடாது. அடித்த வேகத்தில் தடுமாறிக் கால் உள்ளே போனாலும் தவறு. பந்து விழுந்து எழுந்த பின் என்றால் தாராளமாக உள்ளே போய் அடிக்கலாம்.

தொடக்கத்தில் இந்தக் கோடு ஆறரை அடியில் இருந்தது. காரணம் எளிது: பூப்பந்தின் குறுகிய சர்வ் கோடு ஏற்கெனவே அங்கே இருந்தது, ஆறரை அடியில். பிறகுதான் ஏழடியானது. நெட்டை ஆள் ஒருவர் கோட்டுக்குப் பின்னால் நின்றபடியே எட்டி எட்டி அறைந்ததைக் கட்டுப்படுத்தத்தான் அந்த மாற்றம் என்று சொல்வார்கள். எங்கள் டேவானின் இரட்டைக் கோட்டுக்கு இதுதான் பூர்வீகம். ஓர் உயரமான மனிதரின் கைநீளத்துக்கு எதிராக ஒட்டப்பட்ட அரை அடி.

இன்னொரு விதியும் சேர்ந்தது. சர்வ் ஒருமுறை தரையில் பட வேண்டும், அதைத் திருப்பி அடிக்கிற பந்தும் ஒருமுறை தரையில் பட வேண்டும். அதற்குப் பிறகே வாலி. சர்வ் போட்டவர் ஓடிப்போய் நெட்டை ஆக்கிரமிப்பதை இது தடுத்தது.

ஏழடிப் பகுதிக்கு ஆட்டக்காரர்கள் வைத்த பெயர் 'கிச்சன்'. ஷஃபிள்போர்டு ஆட்டத்திலும் பத்துப் புள்ளி கழிகிற பகுதிக்கு அதே பெயர் உண்டு. சமையலறைக்குள் யார் நுழையலாம், யார் நுழையக் கூடாது என்பதற்கு எழுதாத விதிகள் கொண்ட வீடுகளில் வளர்ந்த நமக்கு இந்தப் பெயர் புரிவதில் சிரமம் இருக்காது.

இந்த இரண்டு விதிகளும் சேர்ந்து ஆட்டத்தின் நடுவில் ஒரு கேள்வியைக் கொண்டுவந்து வைத்தன. பலமாக அடிப்பதா, மெதுவாகப் போடுவதா? இந்தக் கேள்வி எங்கே பிறக்கிறது என்று பார்ப்போம். இரட்டையர் ஆட்டம். நான் சர்வ் போடுகிறேன், எதிரணி திருப்பி அடித்துவிட்டு இருவருமாகக் கிச்சன் கோட்டுக்கு ஓடி வந்து நின்றுவிடுகிறார்கள். நானோ பந்து தரையில் படக் காத்திருக்க வேண்டியதால் பின்கோட்டிலேயே, நெட்டிலிருந்து 22 அடி தள்ளி இருக்கிறேன். மூன்றாவது அடி என்னுடையது. பலமாக 'டிரைவ்' செய்தால், நெட்டருகே தயாராக நிற்பவர் சும்மா மட்டையைக் காட்டினாலே போதும், பந்து என் காலடிக்கு வந்துவிடும். மாறாக, பந்தை உயர்த்தி, அது நெட்டைத் தாண்டியதும் சோர்ந்துபோய் அவர்களுடைய கிச்சனுக்குள் விழும்படி போட்டால் அவர்களால் அறைய முடியாது. அந்த நேரத்தில் நான் முன்னே நடந்து வந்துவிடலாம். 'தேர்டு ஷாட் டிராப்' என்று இதைச் சொல்கிறார்கள். கற்றுக்கொள்ள எனக்கு ஆறு மாதம் ஆனது. இன்னமும் மூன்றுக்கு ஒன்று நெட்டில்தான்.

நால்வரும் கோட்டுக்கு வந்துவிட்டால் 'டிங்க்' ஆட்டம் தொடங்குகிறது. கிச்சனிலிருந்து கிச்சனுக்கு மெதுவாக ஒரு தட்டு. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு நாலு பேர் ஏதோ கெஞ்சிக்கொண்டிருப்பது மாதிரி இருக்கும். ஏன் யாரும் அடிக்கவில்லை? கணக்குப் போட்டுப் பார்த்தேன். கோட்டருகே என் முன்னால் பந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. நெட்டின் நடு உயரம் 34 அங்குலம், கிட்டத்தட்ட 86 சென்டிமீட்டர். 2.1 மீட்டர் தூரத்துக்குள் பந்து 56 சென்டிமீட்டர் ஏற வேண்டுமானால் குறைந்தது 15 டிகிரி மேல்நோக்கி அடிக்க வேண்டும். அந்தக் கோணத்தில் வேகமாக அடித்தால் பந்து எதிர்ப் பின்கோட்டைத் தாண்டித்தான் போய் விழும். ஆக, நெட்டுக்குக் கீழே இருக்கிற பந்தை வேகமாக அடிக்கவே முடியாது. யாருடைய டிங்க் முதலில் ஒரு சாண் கூடுதலாக எழும்புகிறதோ, அது நெட்டுக்கு மேலே வரும், அங்கே அடி விழும். கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையே 14 அடிதான். மணிக்கு 40 மைல் வேகத்தில் வருகிற பந்து அந்த தூரத்தைக் கால் விநாடிக்குள் கடந்துவிடும். சாருக்கு நான் கொடுத்த அவகாசமும் அவ்வளவுதான்.

இந்த மென்மை எல்லாருக்கும் உடனே பிடிபட்டுவிடவில்லை. பதிவாகியுள்ள முதல் போட்டி 1976இல் வாஷிங்டன் மாநிலத்தின் டக்வில்லாவில் நடந்தது. ஆட வந்தவர்களில் பெரும்பாலோர் கல்லூரி டென்னிஸ் ஆட்டக்காரர்கள். பிக்கிள்பால் பற்றி அவர்களுக்கு அதிகம் தெரியாது, கையில் பெரிய மர மட்டை. டேவிட் லெஸ்டர் வென்றார், ஸ்டீவ் பரான்டோ இரண்டாவதாக வந்தார்.

இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்தவர் இந்த ஸ்டீவின் அப்பா. ஆர்லன் பரான்டோ, போயிங் நிறுவனத்தில் தொழிற்சாலைப் பொறியாளர். மர மட்டை கனக்கிறது, இதைவிட நல்லதாக ஒன்று வேண்டும் என்று மகன் கேட்க, 1984இல் அவர் விமானங்களின் தரைப்பலகைக்குப் பயன்படுத்தும் பொருளை எடுத்தார். தேன்கூடு மாதிரி அறுகோண அறைகள் கொண்ட உள்ளீடு, இரண்டு பக்கமும் மெல்லிய கண்ணாடி இழைத் தகடு. எடை குறைவு, விறைப்பு அதிகம். நாம் கோலாலம்பூரிலிருந்து பினாங்கு போகும்போது காலடியில் இருக்கிற அதே வகைத் தொழில்நுட்பம். ஏறத்தாழ ஆயிரம் மட்டைகள் செய்துவிட்டு நிறுவனத்தை விற்றுவிட்டார். இன்று கடையில் விற்கிற பெரும்பாலான மட்டைகளின் வயிற்றுக்குள் அந்தத் தேன்கூட்டின் வாரிசு இருக்கிறது. நான் வாங்கியதிலும் இருக்கிறது. ஒரு பொறியாளர் மகனுக்காகச் செய்த காரியம் சுற்றி வளைத்து வந்து எங்கள் சாரின் கண்ணாடியை உடைத்திருக்கிறது என்று சொன்னால் அது மிகை. ஆனால் அன்றிரவு அப்படித்தான் தோன்றியது.

லேசான மட்டை வந்ததும் எல்லாரும் பலமாக அடிக்கத் தொடங்கியிருக்க வேண்டும். அப்படி நடக்காமல் போனதற்கு, ஆட்டம் யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பிக்கிள்பால் தெற்கே, அரிஸோனாவின் ஓய்வுபெற்றோர் குடியிருப்புகளுக்குப் போனது. 2001இல் அரிஸோனா மூத்தோர் ஒலிம்பிக்கில் முதன்முறையாக இதைச் சேர்த்தார்கள். சர்ப்ரைஸ் என்ற ஊரில் ஒரு கேரவன் முகாமில் நடந்த போட்டிக்கு நூறு பேர் வந்தார்கள். 2009இல் பக்கையில் நடந்த முதல் தேசியப் போட்டிக்கு ஏறத்தாழ 400 பேர். இவர்களில் பலர் முழங்கால் தேய்ந்தவர்கள், தோள்பட்டை பிடித்துக்கொண்டவர்கள். பிள்ளைகளுக்காக ஒதுக்கிய ஏழடி பாட்டன்களுக்கும் பாட்டிகளுக்கும் பயன்பட்டது. ஓட முடியாதவர் எங்கே போட வேண்டும் என்று யோசிக்கலாம். அடிக்க முடியாதவர் காத்திருக்கலாம். நான் இதுவரை ஆடிய ஆட்டங்களில் என்னை அதிகம் தோற்கடித்தவர்கள் ஐம்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள். ஒருவர்கூட என்னைவிடப் பலமாக அடித்ததில்லை.

சார் இதை நம்மூர்க் கதையோடு முடிச்சுப் போடுவார். மலாயா 1949இல் முதல் தாமஸ் கிண்ணத்தை வென்றபோது அந்தத் தலைமுறையின் பெரிய பெயர் வோங் பெங் சூன். ஆல் இங்கிலாந்து ஒற்றையர் பட்டத்தை 1950, 1951, 1952, 1955 ஆகிய ஆண்டுகளில் வென்றவர். களத்தில் அலட்டிக்கொள்ளாத ஆட்டம், நிதானமும் துல்லியமும்தான் அவருடைய ஆயுதம். பினாங்கிலிருந்து வந்த எடி சூங் நேர் எதிர். குள்ளமான உருவம், ஆனால் ஓயாத ஓட்டம், எகிறிக் குதித்து ஸ்மாஷ். 1953, 1954, 1956, 1957 பட்டங்கள் அவருக்கு. எட்டு வருடத்தில் எட்டுப் பட்டம், நாலு மெதுவாக, நாலு பலமாக என்று சார் கணக்குச் சொல்வார். வோங் பெங் சூன் அடிக்கவே மாட்டார் என்றோ எடி சூங்குக்கு டிராப் வராது என்றோ நினைத்துவிடக் கூடாது, சார் கொஞ்சம் கூட்டிச் சொல்கிற ஆள். ஆனாலும் எனக்கு இதில் ஒன்று உறைத்தது. பூப்பந்தில் இறகுப்பந்தே வேகத்தை விழுங்கிவிடும், அதனால் மென்மைக்குத் தனிக்கோடு போட வேண்டிய தேவை அங்கே இல்லை. பிக்கிள்பாலில் அதை விதி போட்டுக் காப்பாற்ற வேண்டியிருந்தது. விதியால் நிற்கிற எதையும் மட்டையை மாற்றி அசைத்துப் பார்க்கலாம்.

அசைக்கத் தொடங்கியது கடந்த பத்து வருடத்தில். 2016இல் ஃபுளோரிடாவின் நேப்பிள்ஸில் முதல் யுஎஸ் ஓப்பன் நடந்தது. அதில் அறிமுகமான பதினேழு வயதுப் பையன் பென் ஜான்ஸ், மறு ஆண்டே ஒற்றையர் பட்டத்தை வென்றார். மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் அவர் படித்தது பொருளறிவியல் பொறியியல் (என் துறைக்குப் பக்கத்து வீடு என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்). அவருடைய ஆட்டம் மென்மையையும் வேகத்தையும் கலந்தது: பத்து டிங்க் போடுவார், பதினோராவதும் அதே மாதிரி கை போகும், ஆனால் பந்து நெஞ்சுக்கு வரும். 2019இல் பன்னிரண்டு வயதில் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்த ஆனா லீ வாட்டர்ஸ் இன்னும் ஒரு படி மேலே. தன் அம்மா லீயோடு ஜோடி சேர்ந்து ஆடியபோது, பொறுமையாக டிங்க் போட்டுக்கொண்டிருந்த மகளிர் ஆட்டத்தில் கிடைத்த பந்தையெல்லாம் அடித்தார்கள். 2023இல் விம்பிள்டன் இரட்டையர் பட்டம் வென்ற ஜாக் சாக் டென்னிஸை விட்டுவிட்டு வந்தார், தன் பலமான ஃபோர்ஹேண்டையும் கூட்டிக்கொண்டு. மூன்றாவது அடியை டிராப்பாகப் போடாமல் டிரைவ் அடித்து, தடுமாறி எழும்புகிற பந்தைத் துணை ஆட்டக்காரர் பாய்ந்து முடிப்பது பழக்கமானது.

குறைந்த உயரத்துப் பந்தை வேகமாக அடிக்க முடியாது என்று மேலே கணக்குப் போட்டேன் அல்லவா. அதில் ஓர் ஓட்டை இருக்கிறது. பந்துக்கு முன்சுழற்சி கொடுத்தால் அது நெட்டைத் தாண்டியதும் கீழ்நோக்கி வளையும். சுழற்சி கொடுக்க மட்டையின் முகம் சொரசொரப்பாக இருக்க வேண்டும். கரிம இழை முகப்புகள் பரவியதும் அது சுலபமானது. பிறகு வெப்பத்தில் அழுத்தி, விளிம்பில் நுரை நிரப்பி, முழு மட்டையையும் ஒரே துண்டாக வார்க்கும் முறை வந்தது. இப்படிச் செய்த சில மட்டைகளில் உள்ளிருக்கும் தேன்கூடு ஆட ஆட நொறுங்கி, மட்டை பழசாகப் பழசாக இன்னும் துள்ளும். பொதுவாக ஒரு பொருள் தேய்ந்தால் பலம் குறையும். இது தேய்ந்தால் கூடுகிறது. பொறியியல் வகுப்பில் இதைக் குறை என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள், சந்தையில் இதுவே ரகசிய விளம்பரம்.

2024 மே மாதம் அமெரிக்க பிக்கிள்பால் அமைப்பு, ஜூலா நிறுவனத்தின் மூன்றாம் தலைமுறை மட்டைகளை அனுமதிப் பட்டியலிலிருந்து நீக்கியது. பென் ஜான்ஸ் பெயரில் வருகிற மட்டைகளும் அதில் அடக்கம். நிறுவனம் வழக்குப் போட்டது. அதே காலத்தில், பந்தை மட்டைமேல் சுட்டு அது எவ்வளவு வேகத்தோடு திரும்புகிறது என்று அளக்கும் புதிய சோதனையும் வந்தது. வரம்பைத் தாண்டினால் அனுமதி இல்லை. 1965இல் கோடு போட்டுத் தீர்த்த பிரச்சினைக்கு இப்போது ஆய்வகம் தேவைப்படுகிறது. அப்போது கட்டுப்படுத்த வேண்டியிருந்தது ஒருவரின் உயரத்தை. இப்போது கட்டுப்படுத்த வேண்டியிருப்பது என்னைப் போல் உயரமும் இல்லாமல் திறமையும் இல்லாமல் கடன் அட்டை மட்டும் இருக்கிறவர்களை.

மென்மை செத்துவிட்டது என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெரிய போட்டிகளின் காணொளிகளைப் பாருங்கள், இன்றும் நீண்ட டிங்க் வரிசைகள் இருக்கின்றன. எல்லாரும் அடிக்கக் கற்றுக்கொண்டதால் எல்லாரும் தடுக்கவும் கற்றுக்கொண்டார்கள். வேகமாக வருகிற பந்தைச் செத்த பந்தாக்கிக் கிச்சனுக்குள் போடுவது இன்று தனிக்கலை. தொழில்முறை ஆட்டத்தைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அங்கே எதிரில் நிற்பவருக்கு இருபத்தைந்து வயது, பாதுகாப்புக் கண்ணாடியும் உண்டு. டேவான்தான் கவலை. நால்வரில் ஒருவர் சூடான மட்டையோடு வந்தால் அடுத்த வாரம் இன்னொருவரும் வாங்குவார். மூன்றாவது வாரம் முழங்கால் வலிக்காரர் மெல்ல நாற்காலிக்குப் போய்விடுவார். யாரும் அவரைப் போகச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சார் மூன்றாவது சனிக்கிழமை வந்தார். புதுக் கண்ணாடி, பின்னால் எலாஸ்டிக் பட்டை. நான் மன்னிப்புக் கேட்பதற்குள், "எங்க, அந்த ராக்கெட்டைக் குடு பாப்போம்" என்று மட்டையை வாங்கிக்கொண்டார். என்னுடைய பழைய மட்டை என் கையில். இருவரும் கோட்டுக்குக் கோடு நின்று டிங்க் போட்டோம். அவர் போட்ட முதல் மூன்று பந்தும் எகிறிப் பின்கோட்டருகே போய் விழுந்தன. நான்காவது நெட்டில்.

"என்னய்யா இது, தொட்டாலே ஓடுது. இத வச்சிக்கிட்டு மெதுவா போட முடியல."

"பழகணும் சார்."

"உனக்குப் பழகிடுச்சா?"

இல்லை என்றேன். அவர் மட்டையைத் திருப்பித் தரவில்லை. "அப்ப இந்த வாரம் இது என்கிட்ட இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, சர்வ் போட மஞ்சள் கோட்டைத் தாண்டிப் பின்னால் நடந்தார். இரண்டு வாரமாகிறது, இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. போன சனிக்கிழமை அவர் டிங்க் ஐந்தில் நாலு கிச்சனுக்குள் விழுந்தது.